நள்ளிரவும் வானொலியும்: ஆளற்ற நிலையங்கள் பற்றிய ஒரு நோக்கு

வானொலி நிலையமொன்று இருபத்துநான்கு மணி நேரமும் ஒலிக்கின்றது என்பதனால், அங்கு இருபத்துநான்கு மணி நேரமும் மனிதர் விழித்திருக்கின்றனர் என்பது பெறப்படாது. இவ்விரண்டிற்குமிடையிலான இடைவெளி வெறும் தொழில்நுட்பப் பிரச்சினையன்று. அது உடைமை உறவுகளின் பாற்பட்டது என்பதை ஓர் உதாரணங்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேலை நேரத்திற்குப் புறம்பாக நிகழும் அவசரச் செய்திகளை எதிர்கொள்ள நிலையங்கள் கைக்கொள்ளும் வழிகள் பொதுவாக மூன்று. இரவுப் பணியாளரொருவரை நிலையத்திலேயே வைத்திருத்தல் முதலாவது. வீட்டிலிருக்கும் செய்தியாளரை வேண்டியபோது அழைத்துக்கொள்ளல் இரண்டாவது. முன்னரே பதிவுசெய்த அறிவிப்பாளர் குரலையும் பாடல்களையும் கணினி ஒலிபரப்பிக் கொண்டிருக்க, அதிகாரிகள் அனுப்பும் சங்கேத ஒலி ஆபத்து வேளையில் அதனைத் தானாகவே இடைமறித்தல் மூன்றாவது.

ஐக்கிய அமெரிக்காவில் ஆளின்றி நிலையங்களை இயக்க 1995 இல் அனுமதி கிடைத்தது. ஒரு நிறுவனம் நாடு முழுவதிலும் வைத்திருக்கக்கூடிய வானொலி நிலையங்களின் உச்சவரம்பை 1996 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் நீக்கியது. சில ஆண்டுகளுள் கிளியர் சனல் எனும் நிறுவனம் ஆயிரத்திற்கு மேற்பட்ட நிலையங்களைத் தன்வசமாக்கிற்று. வட டகோட்டா மாநிலத்தின் மைனொற் நகரில் அப்போதிருந்த ஆறு வர்த்தக வானொலி நிலையங்களும் அதற்கே உரியனவாயின.

2002 ஜனவரி 18 அதிகாலை 1.37 மணிக்கு, அந்நகரின் எல்லையிற் சரக்குப் புகையிரதமொன்றின் 31 பெட்டிகள் தடம்புரண்டன. அமோனியாக் கொள்கலன்கள் ஐந்து வெடித்துப் பிளந்தன. நச்சு முகில் பரவிய பகுதியில் ஏறத்தாழ 11,600 பேர் வாழ்ந்தனர். வீட்டினுள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு என்பதே அவர்கள் அக்கணம் அறிய வேண்டியிருந்த செய்தி. ஆனால் வானொலியைத் திருப்பியோர் வழமையான நிகழ்ச்சிகளையே கேட்டனர். பொலிசாரின் தொலைபேசி அழைப்புகள் நிலையத்தை எட்டவில்லை. ஒருவர் இறந்தார், முந்நூறுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

நிலையத்தில் ஒருவர் பணியிலிருந்தார் என்றும், பொதுமக்களின் அழைப்புகளால் இணைப்புகள் நெரிசலுற்றன என்றும், பொலிசார் அவசர எச்சரிக்கைக் கருவியை முறைப்படி பயன்படுத்தவில்லை என்றும் நிறுவனம் பின்னர் வாதிட்டது. இவ்வாதத்தை நாம் முற்றாகப் புறக்கணிக்க வேண்டியதில்லை. எனினும், அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளினும் அடிப்படை வினா எஞ்சுகின்றது. கருவி பிழைக்கும்போது அப்பிழையை ஈடுசெய்வது யார்? ஆறு நிலையங்கள் ஆறு உடைமையாளரிடம் இருந்திருப்பின், தட்டுவதற்கு ஆறு கதவுகள் இருந்திருக்கும். உடைமை ஒன்றானபோது கதவும் ஒன்றாயிற்று.

‘மூலதனம்’ நூலில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்திலே இரவு வேலையை மார்க்ஸ் விரிவாக ஆராய்ந்துள்ளார். இயந்திரம் இரவில் உறங்கினால் நட்டமென்று கருதிய அன்றைய மூலதனம் தொழிலாளியையும் விழித்திருக்கச் செய்தது. இன்றைய ஒலிபரப்பு மூலதனமோ இயந்திரத்தை விழிக்கவிட்டுத் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்புகின்றது. செயல்கள் எதிர்மாறானவை, இலாபம் என்ற தர்க்கம் ஒன்றே. இயந்திரத்தை இறந்த உழைப்பு என்றார் மார்க்ஸ். பதிவுசெய்யப்பட்ட குரல் அதன் மிகத் தெளிவான வடிவமாகும். அது பேசும்; ஆனால் கேட்காது.

வானொலி கேட்போரைப் பேசவும் வைக்க வேண்டுமென 1932 இலேயே பிரெக்ற் வற்புறுத்தியமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. மைனொற்றில் நெரிசலுற்ற தொலைபேசி இணைப்புகள், பேச முயன்ற மக்களின் குரல்களன்றி வேறல்ல.

நிலையத்தின் பிரதான கலையகத்தில் வேலை நேரத்திலேனும் பணியாளர் இருத்தல் வேண்டுமென்ற விதியும் அந்நாட்டில் 2017 இல் நீக்கப்பட்டது. தொழில்நுட்பத்தை எதிர்ப்பது எமது நோக்கமன்று. இரவில் விழித்திருக்கும் ஒரு மனிதரின் ஊதியத்தைச் செலவாகக் கணிப்பதா, சமூகக் கடமையாகக் கணிப்பதா என்பதே வினா. அவ்வினாவிற்கு விடைகாணும் உரிமை உடைமையாளருக்கு மட்டும் உரியதன்று.