மெட்ரோ வந்த பிறகு நம் பஸ் என்ன ஆகும்?



சென்ற மாதம் எண்ணூரிலிருந்து ஒரு சகோதரி மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். கணவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். நகருக்குள் இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். விண்ணப்பத்தில் மருந்துச் செலவை எழுதியிருந்தார். 'போக்குவரத்துச் செலவு' என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டோம். "எனக்குத்தான் பஸ்ல டிக்கெட் கிடையாதே பாய். அவருக்கு மட்டும்தானே எடுக்கணும், அதை நாங்களே பாத்துக்கிறோம்" என்றார். எழுந்து போகும்போது திரும்பி நின்று, "மெட்ரோ ஓடுதுன்னு அந்த ரோட்டுல பஸ்ஸைக் குறைச்சிடுவாங்களாமே, நெசமா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் அவருக்குச் சரியான பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. அதே கேள்வியை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் வேறு சிலரும் கேட்டார்கள். ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறோம். பெண்கள் மத்ரஸாவிலும் வீட்டிலும் இதை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நம் பக்கம் வந்த மெட்ரோ

வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் விம்கோ நகர் வரையிலான நீட்டிப்புக்கு 2016 ஜூலையில் அடிக்கல் நாட்டினார்கள். 2021 பிப்ரவரி 14 அன்று ரயில் ஓடத் தொடங்கியது. நீளம் சுமார் 9 கிலோமீட்டர், செலவு 3,770 கோடி ரூபாய். தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் என்று நிலையங்கள். திருவொற்றியூர் தேரடியும் விம்கோ நகர் பணிமனையும் 2022 மார்ச்சில் சேர்ந்தன.

இதனால் கிடைத்த நன்மையை மறுக்க முடியாது. அல்ஹம்துலில்லாஹ், விம்கோ நகரில் ஏறினால் மண்ணடி, சென்ட்ரல், ஆயிரம் விளக்கு, தேனாம்பேட்டை என்று விமான நிலையம் வரைக்கும் ஒரே ரயில். உம்ராவுக்குப் புறப்படுகிறவர்கள் பெட்டியோடு போகலாம். தேனாம்பேட்டையில் உள்ள நீதிபதி பஷீர் அகமது சயீத் மகளிர் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு வழியில் கன்டெய்னர் லாரி நெரிசல் கிடையாது. துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையில் பஸ் மாட்டிக்கொண்டு தேர்வுக்குத் தாமதமாகப் போன பிள்ளைகள் நம் ஊரில் நிறைய உண்டு.

ஆனால் அந்தப் பாதை விம்கோ நகரோடு முடிந்துவிடுகிறது. கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர் எல்லாம் அதற்கு வடக்கே இருக்கின்றன. இப்போது நகரெங்கும் தோண்டிக்கொண்டிருக்கும் இரண்டாம் கட்டத்தில் மூன்று பாதைகள். மாதவரத்திலிருந்து சிறுசேரிக்கு ஒன்று, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு ஒன்று, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு ஒன்று. இவற்றில் ஒன்றும் நம் பக்கம் வரவில்லை. ஆகவே நம் ஊர்க்காரர்கள் மெட்ரோவில் ஏற வேண்டுமென்றால், முதலில் விம்கோ நகருக்குப் போய்ச் சேர ஒரு பஸ்ஸோ புறநகர் ரயிலோ வேண்டும்.

ஒரே சாலையில் இரண்டு சேவை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோவும் போகிறது, மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்ஸும் போகிறது. எண்ணூர், திருவொற்றியூர் பக்கமிருந்து நகருக்குள் போகும் பல வண்டிகளுக்கு அதுதான் வழி. ஒரே வழியில் இரண்டு சேவை ஓடுவதைத்தான் இணைப் பாதை என்கிறார்கள்.

இப்படி ஓடும்போது பஸ்ஸை விட்டு முதலில் இறங்கிப் போகிறவர்கள் தூரப் பயணிகள், அதிலும் கையில் கொஞ்சம் காசு உள்ளவர்கள். திருவொற்றியூரிலிருந்து சென்ட்ரல் போகிற அலுவலக ஊழியர் மெட்ரோவுக்கு மாறிவிடுவார். பஸ்ஸில் மிஞ்சுவது இரண்டு மூன்று ஸ்டாப்பிங் தூரம் போகிறவர்கள், இலவசமாகப் போகும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், முதியவர்கள். பஸ்ஸில் ஆள் இருக்கும், ஆனால் டிக்கெட் காசு குறையும். கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்று கணக்குப் பார்த்தால் அந்த வழித்தடம் பலவீனமாகத் தெரியும்.

அப்போது யாரும் பஸ்ஸை ஒரேயடியாக நிறுத்திவிடுவதில்லை. முதலில் ஒரு நடையைக் குறைப்பார்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்த பஸ் இருபது நிமிடத்துக்கு ஒன்று வரும். சராசரியாக ஐந்து நிமிடம் நின்றவர் பத்து நிமிடம் நிற்க வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் ஷேர் ஆட்டோவுக்குப் போவார்கள். பயணிகள் மேலும் குறைந்தார்கள் என்று அடுத்த நடையும் போகும். கடைசியில் அந்த ஸ்டாப்பிங்கில் நிற்பவர் வேறு வழியே இல்லாதவராகத்தான் இருப்பார்.

குறைப்பதற்கும் ஒரு நியாயம் உண்டு

எதிர்த் தரப்பில் சொல்லப்படுவதையும் நாம் கேட்க வேண்டும். கழகத்திடம் உள்ள பஸ்ஸும் ஓட்டுநரும் ஓர் அளவுக்குத்தான். ரயில் ஓடும் சாலையிலேயே பத்து பஸ் ஒன்றன்பின் ஒன்றாகப் போக, உள்பகுதிகளில் ஒரு பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பது சரியல்ல. அந்த பத்தில் நான்கை எடுத்து, ரயில் நிலையத்திலிருந்து உள்ளூர்களுக்கு இணைப்பு பஸ்ஸாக ஓட்டினால் எல்லோருக்கும் லாபம். 2013இல் சென்னையில் வந்த சிற்றுந்துகளும் பெரிய பஸ் நுழைய முடியாத தெருக்களைப் பெரிய சாலையோடு இணைப்பதற்காகத்தான் வந்தன.

இது நேர்மையாக நடந்தால் அதிகம் பயன்பெறுவது அத்திப்பட்டு போன்ற ஊர்கள்தான். விம்கோ நகரிலிருந்து எண்ணூர், அத்திப்பட்டு, மணலி புதுநகர், மீஞ்சூர் என்று அடிக்கடி வண்டி இருந்தால் நமக்கு வேறென்ன வேண்டும்? பெரிய சாலையில் பஸ்ஸை எடுத்துவிட்டு, அதை இணைப்பு பஸ்ஸாகத் திருப்பித் தராமல் விட்டால்தான் நமக்கு நஷ்டம். எனவே குறைக்கும் பஸ் எங்கே போகிறது என்று நாம் கேட்க வேண்டும்.

சிங்கப்பூரில் நடந்தது

நம் சொந்தபந்தங்கள் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் இதே பிரச்சினை வந்தது. அங்கே தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் என்ற புதிய ரயில் பாதையின் ஒரு பெரிய பகுதி 2022 நவம்பரில் திறந்தது. அதே வழியில் ஓடிய 167ஆம் எண் பஸ்ஸில் கூட்டம் குறைந்துவிட்டது, அதை நிறுத்தப்போகிறோம் என்று 2023 நவம்பரில் அரசுப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. முதியவர்களும் தினசரிப் பயணிகளும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். படி ஏறி இறங்க முடியாதவர்களுக்கு வீட்டு வாசலில் ஏறும் பஸ்தான் வசதி என்றார்கள். சில நாட்களிலேயே ஆணையம் முடிவை மாற்றி, 30 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று அந்தத் தடத்தை வைத்துக்கொண்டது.

அதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. பணக்கார ஊரிலும், எங்கும் ரயில் உள்ள ஊரிலும்கூட, ரயில் வந்ததும் பஸ் முழுக்கத் தேவையற்றதாகிவிடவில்லை. மக்கள் காரணத்தோடு எடுத்துச் சொன்னபோது முடிவு மாறியது. ஆனால் முழுதாக மாறவில்லை. 30 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பது வெயிலில் நிற்கும் நோயாளிக்குப் போதாது.

நமக்கு என்ன நஷ்டம் வரலாம்?

முதலாவது, காசு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இன்று அதை விடியல் பயணம் என்று அழைக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுக்குத் துணையாக வருபவருக்கும் இந்தச் சலுகை உண்டு. மாநகர பஸ்ஸில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாதம் 10 இலவசப் பயணத்துக்கான டோக்கன் உண்டு. மெட்ரோவில் இவை எதுவும் இல்லை. அங்கே குறைந்த கட்டணம் 10 ரூபாய், அதிகம் 50. கார்டில் போனால் 20 சதவீதம் தள்ளுபடி.

ஒரு வழிக்கு 20 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். வீட்டு வேலைக்கோ கடை வேலைக்கோ போகும் ஒரு பெண்ணுக்குப் போய்வர 40 ரூபாய். மாதம் 26 நாளைக்கு 1,040 ரூபாய். இன்று அவருக்கு அந்தச் செலவே கிடையாது. முதலில் சொன்ன சகோதரியின் வீட்டில் இரண்டு பேர் போய்வந்தால் நாளைக்கு 80 ரூபாய், மாதம் எட்டு நாளைக்கு 640 ரூபாய். அவர் அன்று போட்ட கோட்டுக்குப் பதிலாக அந்தத் தொகைதான் விண்ணப்பத்தில் வரும். அப்படிப் பத்து வீடு வந்தால் அது உங்கள் ஸதகாவிலிருந்துதான் போக வேண்டும். ஒரு பஸ் குறைந்தால் அந்தச் செலவு நம் மருத்துவ நிதியின் தலையில் வந்து விழும் என்பதை அன்றுதான் நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

இரண்டாவது, தூரம். 9 கிலோமீட்டரில் 9 நிலையங்கள் என்றால் கிலோமீட்டருக்கு ஒன்று. பஸ் ஸ்டாப்பிங் அதைவிட நெருக்கமாக இருக்கும். முட்டி வலி உள்ள ஒரு பாட்டிக்கு அரைக் கிலோமீட்டர் நடப்பதும், லிஃப்டைத் தேடுவதும், பிறகு பிளாட்பாரம் போவதும் பெரிய பாடு.

மூன்றாவது, வண்டி மாறுவது. எண்ணூரிலிருந்து நேராக நகருக்குள் போகும் பஸ்ஸை விம்கோ நகரோடு நிறுத்தினால், கையில் குழந்தையோடும் மூட்டையோடும் ஒரு தடவை இறங்கி ஏற வேண்டும், ஒரு தடவை கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

நான்காவது, நேரம். மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணியோடு முடிகிறது. அனல்மின் நிலையத்திலும் துறைமுகத்திலும் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும், ரமலானில் மண்ணடிப் பக்கம் கடையில் நின்றுவிட்டு நேரம் கழித்துத் திரும்பும் நம் பிள்ளைகளுக்கும் இரவு பஸ்தான் துணை.

'சிங்கார சென்னை' கார்டும் 'சென்னை ஒன்று' செயலியும் வந்துவிட்டனவே என்று சிலர் கேட்கலாம். 2023இல் மெட்ரோவுக்கு வந்த அந்த கார்டு 2025 ஜனவரி முதல் பஸ்ஸிலும் செல்லும். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கும் செயலி 2025 செப்டம்பரில் தொடங்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் டிக்கெட் ஒன்றாகிறதே தவிர, பஸ்ஸில் பெண்களுக்கு உள்ள இலவசம் மெட்ரோவுக்கு வருவதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: பெண்கள் பஸ்ஸில் ஏறினால் கட்டணமில்லா டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். "காசு இல்லையே, டிக்கெட் எதற்கு" என்று விட்டுவிடாதீர்கள். இந்தப் பயணங்களுக்கான தொகையை அரசு கழகத்துக்குத் தருகிறது. அந்தச் சீட்டுதான் அந்தத் தடத்தில் நீங்கள் போனதற்கு அத்தாட்சி. சீட்டு இல்லையென்றால் கணக்கில் நீங்கள் பஸ்ஸில் ஏறவே இல்லை.

இரண்டு: காத்திருந்த நேரத்தை எழுதி வையுங்கள். தேதி, ஸ்டாப்பிங், நிற்கத் தொடங்கிய நேரம், பஸ் எண், பஸ் வந்த நேரம் ஆகிய ஐந்தும் போதும். இரண்டு வாரம் எழுதி நம் அலுவலகத்தில் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் இளைஞர்கள் எழுதித் தருவார்கள். "பஸ்ஸே வரமாட்டேங்குது" என்ற புலம்பலை அதிகாரிகள் தினமும் கேட்கிறார்கள். தேதியும் நேரமும் உள்ள தாளைத் தள்ளிவிடுவது கஷ்டம்.

மூன்று: கேட்பதைத் தெளிவாகக் கேட்போம். எந்த பஸ்ஸையும் தொடாதே என்று நாம் சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் குறைக்கும் ஒவ்வொரு நடைக்கும் விம்கோ நகரிலிருந்து வடக்கே ஒரு நடை தர வேண்டும். அது பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரணக் கட்டண பஸ்ஸாக இருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு நேராகப் போகும் பஸ்ஸைத் துண்டிக்கக் கூடாது. எதை மாற்றினாலும் முன்கூட்டியே ஸ்டாப்பிங்கில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்.

நான்கு: ஊராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் கிராம சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூட்டம் நடக்கிறது. பெண்களும் வந்து பேச வேண்டும், ஏனெனில் அந்த பஸ்ஸில் போகிறவர்கள் அவர்கள்தான். இது நம் சமுதாயத்தின் கோரிக்கை மட்டுமல்ல. மீனவர் குடும்பங்களும் அனல்மின் நிலைய ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதே ஸ்டாப்பிங்கில் நம்மோடு நிற்கிறார்கள். எல்லோரும் சேர்ந்தே கையெழுத்துப் போடுவோம்.

நகரப் போக்குவரத்து அனைத்தையும் சேர்த்துத் திட்டமிட சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்ற அமைப்பு 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி இருக்கிறது. நம் தாள்கள் சேர்ந்ததும் அந்தக் குழுமத்துக்கும், மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கும், நம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு மனு தயாரித்துக் கொடுக்க அறக்கட்டளை முடிவு செய்திருக்கிறது, இன்ஷா அல்லாஹ்.

அந்தச் சகோதரிக்கு இப்போது எங்களால் பதில் சொல்ல முடியும். "பஸ்ஸை ஒரே நாளில் நிறுத்தமாட்டார்கள் அம்மா. கேட்க ஆளில்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நீங்கள் நின்ற நேரத்தை எழுதிக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லியனுப்பியிருக்கிறோம். இந்த மாத முதல் வாரத்தில் அவர் மகன் எழுதிய தாள் வந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை, டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது, 42 நிமிடம் நின்றிருக்கிறார்கள். உங்கள் தாள்களுக்காகக் காத்திருக்கிறோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்