கொல்லைப்புறப் பாடசாலை

வீட்டுக்கு வேண்டிய காய்கறிகளை வீட்டுக் கொல்லையிலேயே பயிர் செய்துகொள்வது மிகச் சுலபமான காரியம் என்று முப்பது வருஷ காலம் நான் நம்பி வந்தேன். அந்த முப்பது வருஷமும் நான் மண்வெட்டியைக் கையால் தொட்டதில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்வதுதான் நியாயம். 2008-ஆம் வருஷம் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, கும்பகோணத்திலுள்ள எங்கள் பழைய வீட்டுக்குத் திரும்பி வந்தேன். கொல்லையில் மூன்று சென்ட் நிலமும், வற்றாத கிணறும், என் தாயார் வைத்துவிட்டுப் போன ஒரு பித்தளைச் சம்படமும் எனக்காகக் காத்திருந்தன.

அந்தச் சம்படத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குள் சாம்பலில் புரட்டிய பன்னிரண்டு அவரை விதைகள் இருந்தன. என் பாட்டி காலத்திலிருந்து வருஷந்தோறும் எங்கள் பந்தலில் படர்ந்து வந்த பட்டை அவரை அது. காயின் விளிம்பு ஊதா, பூவும் ஊதா. கடைத் தெருவில் அந்த ஜாதியை நான் எங்கும் கண்டதில்லை. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, உணவுப் பயிரைப் பெருக்குங்கள் என்ற பிரசாரம் தேசமெங்கும் தொடங்கிற்று. அப்போது பத்து வயதுப் பெண்ணாயிருந்த என் தாயார், கொல்லையில் பூச்செடிகளை எடுத்துவிட்டுக் காய்கறி போட்ட கதையை எங்களுக்குப் பல முறை சொல்லியிருக்கிறாள். அந்தப் பஞ்ச நாட்களிலும் கைவிடாமல் காப்பாற்றிய விதை இது. பன்னிரண்டும் போனால் வம்சமே போயிற்று என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் நான் செய்த காரியத்தைத்தான் வாசகர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இலையோ இலை!

முதலில் கத்தரியும் வெண்டையும் பூசணியும் போட்டேன். எருவில் சிக்கனம் செய்வது அற்பத்தனம் என்பது என் கொள்கை. பக்கத்துத் தொழுவத்திலிருந்து பச்சைச் சாணத்தைக் கூடை கூடையாய்க் கொண்டுவந்து கொட்டினேன். அது போதாதென்று யூரியாவையும் கை நிறைய அள்ளித் தெளித்தேன். கத்தரிச் செடிகள் இடுப்பளவு வளர்ந்தன. என்ன கரும்பச்சை! என்ன செழிப்பு! பார்க்க வந்தவர்கள் பாராட்டினார்கள். காயைத்தான் காணோம். தழைச்சத்து மிதமிஞ்சினால் செடி தழைப்பதிலேயே காலத்தைப் போக்கிவிடும். பூப்பதைத் தள்ளிப் போட்டுவிடும். மக்காத சாணமோ இன்னொரு உபகாரம் செய்தது. மண்ணைக் கிளறியபோது கட்டைவிரல் பருமனுள்ள வெள்ளைப் புழுக்கள் அதில் சுகமாகக் குடியிருந்தன.

பூசணிக் கொடியில் பூக்கள் ஏராளம், எல்லாம் உதிர்ந்தன. விதையை விற்றவரைத் திட்டினேன். உண்மையில் முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிரத்தான் வேண்டும். பின்னால் வரும் பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு ஒன்று இருக்கும். தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்த்தால்தான் அந்தப் பிஞ்சு காயாகும். நானோ அசுவினிப் பூச்சிக்காக மருந்து அடித்துத் தேனீக்களையும் துரத்திவிட்டிருந்தேன். பிறகு காலை வெயில் ஏறுமுன் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தொட்டுவிடக் கற்றுக்கொண்டேன். அந்த வேலை செய்த ஒரு வாரத்திலேயே மூன்று பிஞ்சுகள் நின்றன.

இரண்டு கம்பீரமான மரங்கள்

பப்பாளியில் நடந்தது இதைவிட வேடிக்கை. ஐந்து நாற்றுக்கள் முளைத்தன. நோஞ்சானான மூன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, திடகாத்திரமான இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஆறாவது மாதம் இரண்டும் பூத்தன. நீண்ட காம்புகளில் கொத்துக் கொத்தாய்த் தொங்கிய பூக்களைக் கண்டு நான் பூரித்துப் போனேன். “இரண்டும் ஆண் மரம்” என்று என் மனைவி சொன்னாள்.

தண்டில் ஆணி அடித்தால் ஆண் மரம் பெண் மரமாகிவிடும் என்று ஒரு சிநேகிதர் உறுதி கூறினார். அதையும் செய்தேன். மரத்தில் ஆணி இருந்தது, பழம் இல்லை.

நாட்டுப் பப்பாளியில் ஏறக்குறையப் பாதி நாற்றுக்கள் ஆணாக இருக்கும். பூக்கும் வரையில் எது ஆண், எது பெண் என்று கண்ணால் பார்த்து அறிய வழியில்லை. ஆகையால் ஒரு குழிக்கு மூன்று நாலு நாற்றுக்களாக நட்டு, பூத்த பிறகே வேண்டாதவற்றைக் களைய வேண்டும். பத்துப் பதினைந்து பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் போதும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார் வெளியிட்ட கோ.3, கோ.7 போன்ற ரகங்களில் ஆண் மரத் தொந்தரவே கிடையாது. அவற்றில் பெண் மரமும், இருபால் பூக்கள் பூக்கும் மரமுமே வரும், இரண்டும் காய்க்கும்.

பூக்காத பந்தல்

இனி அவரையின் கதைக்கு வருகிறேன்.

2009-ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒன்பது விதைகளை ஊன்றினேன். பன்னிரண்டையும் ஊன்றத்தான் புறப்பட்டேன். என் மனைவிதான் மூன்றைப் பறித்து மறுபடியும் சம்படத்தில் போட்டு மூடினாள். ஏழு முளைத்தன. கொடிகள் பந்தலேறின, பந்தலைத் தாண்டிச் சுவரேறின, கிணற்று ராட்டினத்தையும் பற்றிக்கொண்டன. பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, வைகாசியும் போயிற்று. ஒரு பூ இல்லை. கத்தரியின் ஞாபகம் வந்து எருவை நிறுத்தினேன். பிறகு தண்ணீரைக் குறைத்தேன், பிறகு அதிகமாக்கினேன், நுனியைக் கிள்ளினேன், சாம்பல் தூவினேன். இவ்வளவையும் ஒரே வாரத்தில் செய்தேன்! ஆனி மாதத்தில் ஒரு நாள் கோபம் தாங்காமல் ஏழு கொடிகளையும் வேரோடு பிடுங்கி எருக்குழியில் போட்டுவிட்டேன். விதைக்கு வயதாகிவிட்டது, வம்சம் மலடாகிவிட்டது என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பாட்டி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“ஏன் தம்பி, பந்தல் வெறிச்சென்று இருக்கிறது?”

“அது பூக்காத ஜாதியாகிவிட்டது, பாட்டி. பிடுங்கிவிட்டேன்.”

“எப்போது போட்டாய்?”

“மாசியில்.”

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. “ஆடியில் போட வேண்டியதை மாசியில் போட்டால் அது எப்படி அப்பா பூக்கும்? விட்டிருந்தால் கார்த்திகையில் தானே பூத்திருக்குமே! உன் அம்மா இருந்தால்...” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழியை நான் அறியாதவன் அல்லேன். அது காவிரியில் புதுத் தண்ணீர் வருவதைப் பற்றிய பேச்சு, கிணறு வைத்திருப்பவனுக்கு அது எதற்கு என்று எண்ணியிருந்தேன். அவரைக்குத் தண்ணீர் மட்டும் கணக்கல்ல. பகலின் நீளமும் கணக்கு. கும்பகோணத்தில் ஆனி மாதத்துப் பகலுக்கும் மார்கழி மாதத்துப் பகலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரந்தான். நமக்குத் தெரியாத அந்த வித்தியாசம் கொடிக்குத் தெரிகிறது. பகல் குறுகி இரவு நீளும் காலம் வரும் வரையில் பழைய கொடியவரை பூப்பதில்லை.

இந்த இரகசியத்தை விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததும் ஒரு பூக்காத பயிரினால்தான். அமெரிக்க அரசாங்கத்து விவசாய இலாகாவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர், கோடை முழுதும் பூக்காமல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ஜாதியைக் கண்டு திகைத்தார்கள். வெப்பமா, எருவா, வெளிச்சத்தின் கடுமையா என்று காரணங்களைச் சோதித்து ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். கடைசியில் தொட்டிச் செடிகளை மாலையில் இருட்டறைக்குள் வைத்துக் காலையில் வெளியே எடுத்து, பகலைச் செயற்கையாகக் குறுக்கிப் பார்த்தார்கள். செடிகள் பூத்தன! 1920-இல் அவர்கள் இதைப் பிரசுரித்தார்கள். செடி அளந்து பார்ப்பது பகலை அல்ல, இருளின் நீளத்தையே என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின.

அவர்கள் செய்ததற்கும் நான் செய்ததற்கும் உள்ள வேற்றுமையைக் கவனியுங்கள். நான் ஒரே வாரத்தில் நாலு காரியம் செய்தேன். பூத்திருந்தால்கூட எதனால் பூத்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை. அவர்கள் ஒவ்வொரு சந்தேகத்தையும் தனித்தனியே கேட்டுத் தனித்தனியே பதில் வாங்கினார்கள்.

நோட்டுப் புத்தகம்

அன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். விதைத்த தேதி, தமிழ் மாதம், செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று ஐந்து பத்திகள் போட்டேன். ஒரு சமயத்தில் ஒரு மாறுதல் என்பது முதல் விதி. பாத்தியில் பாதிக்குச் செய்து, பாதியைச் சும்மா விட வேண்டும் என்பது இரண்டாவது விதி. பிடுங்குமுன் ஒரு பருவமாவது பொறுக்க வேண்டும் என்பதை மூன்றாவதாக எழுதி, அடியில் சிவப்புக் கோடு போட்டேன்.

நோட்டு வைத்துக்கொண்டதனால் தவறுகள் நின்றுவிடவில்லை. 2010-இல் என் புதிய பப்பாளி மரங்களை மாவுப்பூச்சி மூடிற்று. 2008-இல் கோயம்புத்தூரில் முதலில் காணப்பட்டுத் தமிழ்நாடெங்கும் பரவிய பூச்சி அது. மூன்று முறை மருந்து அடித்தேன். உடம்பு முழுதும் மெழுகு பூசிக்கொண்டிருக்கும் அந்தப் பூச்சிக்கு மருந்து ஒட்டவில்லை. அதைத் தின்ன வந்த பொறிவண்டுகள்தான் செத்தன. நோட்டில் மூன்று வரிகளையும் சேர்த்துப் படித்தபோதுதான், அடிக்க அடிக்கப் பூச்சி அதிகமானது தெரிந்தது, நிறுத்தினேன். அதே வருஷத்தில் மத்திய அரசின் ஆராய்ச்சியாளர்கள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு குளவியை வரவழைத்தார்கள். மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிட்டு அதை அழிக்கும் குளவி அது. தமிழ்நாட்டின் பல இடங்களில் அதைப் பரப்பியபின் பூச்சி அடங்கியது. மறு வருஷம் என் மரங்களும் தெளிந்தன.

சம்படத்தில் மிஞ்சிய மூன்று விதைகளை 2009-ஆம் வருஷம் ஆடிப் பெருக்கன்று ஊன்றினேன். ஒன்று மண்ணிலேயே அழுகிற்று. ஒன்றின் முளையை நத்தை தின்றது. மூன்றாவதைச் சுற்றி நான் போட்ட வேலியைக் கண்டு ஊரார் சிரித்தார்கள். ஐப்பசி மழையில் கொடி பந்தலை மூடிற்று. ஒரு பூவும் இல்லை. கை துறுதுறுத்தது, சிவப்புக் கோட்டைப் பார்த்துப் பொறுத்தேன். கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலை, இலைகளுக்கு நடுவே ஊதா நிறத்தில் ஒரு பூங்கொத்து நிமிர்ந்து நின்றது.

அந்த வருஷம் நாங்கள் அவரைக் குழம்பு சாப்பிடவில்லை. காய்களைக் கொடியிலேயே நெற்றாக விட்டு, மாசியில் விதையெடுத்தோம். ஆழாக்குக்குச் சற்று மேல் தேறிற்று. அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் விதை தாயைப் போலவே வரும். கடையில் விற்கும் வீரிய ஒட்டு விதைகளுக்கு இந்தக் குணம் இல்லை. அவற்றை ஆண்டுதோறும் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எந்தப் பட்டத்திலும் காய்க்கும் குத்தவரை ரகங்கள் இப்போது உண்டு. அவசரக்காரர்கள் அதைப் போடலாம். பழைய கொடியவரை வைத்திருப்பவர்கள் ஆடிக்குக் காத்திருங்கள். இராத்திரி முழுதும் எரியும் விளக்கின் அருகில் பந்தல் போடாதீர்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, கையிலுள்ள விதை முழுவதையும் ஒரே நாளில் ஊன்றாதீர்கள். என் மனைவிக்கு இருந்த புத்தி எனக்கு இருக்கவில்லை.

நெற்று முற்றுமுன், கொடியிலிருந்து பத்துக் காய் மட்டும் பறித்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கொடுத்தேன். பாட்டி ஒரு காயை எடுத்து ஊதா விளிம்பைத் தடவிப் பார்த்தாள்; ஒடித்து முகர்ந்தாள்.

“அதே அவரைதான்” என்றாள். பிறகு, “ஆனால் உன் அம்மா காயை இவ்வளவு முற்ற விடமாட்டாள், தம்பி!” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.