மூட்டு வலியா? நடையை நிறுத்தாதீங்க!

சென்னை மெரினாவில் விடியற்காலை. விறுவிறுவென நடக்கும் கூட்டத்துக்கு நடுவே, முழங்காலைத் தேய்த்தபடி உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு.

"தேய்மானம் சார், இனிமே நடக்கக் கூடாது" என்று வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள். அங்கேதான் வினை!

நடக்காவிட்டால் தொடைச் சதை இளைத்துவிடும். முட்டியைத் தாங்குவதே அந்தச் சதைதான். அது போனால் வலி இன்னும் கூடும்.

ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல 2, 3 மடங்கு பாரம் முட்டியில் இறங்குகிறது. 1 கிலோ இளைத்தால் அடிக்கு 4 கிலோ பாரம் குறையும் என்று 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது.

சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் கலங்கரை விளக்கம் வரை ஓடும் சூரர்களும் உண்டு. மறுநாள் படுக்கைதான்! கால் புதையும் மணலில் ஓடினால் கணுக்கால் பிசகும். சமதரையில் மெதுவாக ஆரம்பிக்கணும்.

நடக்க முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேரே நீட்டி, 5 எண்ணி இறக்கலாம். 10 தடவை. காசு செலவில்லை!

முட்டி வீங்கிச் சூடாக இருந்தால் மட்டும் நடையை விட்டு, நேராக டாக்டரிடம் போகணும்.