வாரண்டியில் மதர்போர்ட் வந்தது, ஃபைல்கள் வரவில்லை

என் சித்தப்பா ஊரில் சிறிய அச்சகம் ஒன்று நடத்துகிறார். புதிதாக வாங்கிய லேப்டாப் ஏழாவது மாதத்தில் ஒரு நாள் காலையில் வேலை செய்யவில்லை. பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், மின்விசிறி ஓடும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். ஒரு வருட வாரண்டி இருந்ததால் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் சென்றார். மூன்று முறை அலைந்த பிறகு மதர்போர்டை மாற்றித் தந்தார்கள். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. வீட்டிற்கு வந்து ஆன் செய்தால், நீல நிறத் திரை ஒன்று தோன்றி 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டது. அப்படி ஓர் எண் இருப்பதே சித்தப்பாவுக்குத் தெரியாது. ஏழு மாதம் செய்த கல்யாணப் பத்திரிகை டிசைன்களும் யார் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கும் அந்தத் திரைக்குப் பின்னால் இருந்தன.

வீட்டில் சாஃப்ட்வேர் என்ஜினீயர் ஒருவர் இருந்தால் சொந்தக்காரர்களின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவரிடம்தான் வந்து சேரும். இதுவும் வந்தது. என்னாலும் திறக்க முடியவில்லை. ஏன் என்பதைப் புரிந்துகொண்டால் உங்களுக்கு இது நேராமல் பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைய லேப்டாப்களில் டி.பி.எம். என்ற பாதுகாப்புப் பகுதி உள்ளது. அது தனிச் சிப்பாகவோ பிராசஸருக்குள்ளேயோ இருக்கும். எப்படி இருந்தாலும் மதர்போர்டோடு சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும். விண்டோஸ் உங்கள் டிஸ்க்கில் உள்ள அனைத்தையும் குறியீடாக மாற்றிப் பூட்டி, அதற்கான சாவியை இந்த டி.பி.எம். பொறுப்பில் விடுகிறது. தினமும் ஆன் செய்யும்போது பூட்டு தானாகத் திறப்பதால் அது இருப்பதே உங்களுக்குத் தெரியாது. மதர்போர்டை மாற்றினால் டி.பி.எம்.மும் மாறிவிடும். புதிய டி.பி.எம்.மிடம் பழைய சாவி இருக்காது. உடனே விண்டோஸ், டிஸ்க்கை யாரோ திருடி வேறு மெஷினில் மாட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு ரெகவரி கீயைக் கேட்கிறது. அதுதான் அந்த 48 இலக்கம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு 2024இல் வந்தது முதல், பெரும்பாலான புதிய கம்ப்யூட்டர்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கொடுத்து முதன்முறை செட்டப் செய்யும்போதே இந்தப் பூட்டு தானாகப் போடப்படுகிறது.

சாவியின் நகல் அந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். சித்தப்பா விஷயத்தில் சிக்கல் அங்கேதான். லேப்டாப் வாங்கிய அன்று கடைப் பையன் ஏதோ ஒரு மெயில் முகவரியை அவனே உருவாக்கி செட்டப் செய்து கொடுத்திருக்கிறான். பாஸ்வேர்டு அவனுக்கும் நினைவில்லை. வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய டிசைன்கள் மட்டும் திரும்பக் கிடைத்தன. பாக்கிக் கணக்கை நினைவிலிருந்து எழுதினார்.

எனவே இந்தக் கட்டுரையை முழுவதும் படிக்கும் முன் ஒரு வேலை செய்துவிடுங்கள். செட்டிங்ஸ் பகுதியில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்பதைத் திறந்து டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் என்றால், பிரவுசரில் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டிற்குள் சென்று, டிவைசஸ் பகுதியில் உங்கள் கம்ப்யூட்டரின் பெயருக்குள் ரெகவரி கீயைத் தேடி எடுங்கள். அதைக் காகிதத்தில் எழுதி வாங்கிய பில்லோடு வைத்துவிடுங்கள். அதே லேப்டாப்பில் ஃபைலாக வைப்பது, சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது போல.

வாரண்டி தருவது யார்?

வாரண்டி பொருளுக்குத்தான், அதில் நீங்கள் சேமித்த விஷயங்களுக்கு அல்ல. எந்த நிறுவனத்தின் வாரண்டி அட்டையை எடுத்துப் படித்தாலும் டேட்டாவிற்குப் பொறுப்பில்லை என்ற வரி எங்காவது இருக்கும். ஹார்ட் டிஸ்க் வாரண்டியில் போனால் திரும்பி வருவது உங்கள் டிஸ்க் அல்ல, வேறொன்று. அது பழுது பார்த்துச் சோதித்த டிஸ்க்காகவும் இருக்கலாம்.

பிராண்டட் லேப்டாப்பிற்கு வாரண்டி தருவது தயாரிப்பு நிறுவனம். கடைக்காரர் வழிகாட்டலாம், அவ்வளவுதான். லேப்டாப்பிற்கு மூன்று வருடம் என்று விளம்பரத்தில் இருந்தாலும் பேட்டரிக்கும் அடாப்டருக்கும் தனிக் கணக்கு உண்டு. பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான்.

அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் கதை வேறு. பிராசஸர், மதர்போர்ட், ரேம், டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறுவனம், தனித்தனி காலம். மொத்த கம்ப்யூட்டருக்கும் வாரண்டி என்று எதுவும் கிடையாது. கடைக்காரர் வாயால் சொல்வது அவருடைய நல்ல மனது, ஆவணம் ஆகாது. பில்லில் ஒவ்வொரு பாகமும் அதன் சீரியல் எண்ணோடு தனி வரியில் வர வேண்டும். ‘கம்ப்யூட்டர் ஒன்று, 42,000 ரூபாய்’ என்று ஒரே வரியில் பில் போட்டால் வாங்காதீர்கள். பிராசஸரைப் பெட்டியோடு வாங்குங்கள். பெட்டியில்லாமல் ‘ட்ரே’ என்று விற்கப்படும் பிராசஸர் சில நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கும். அதற்குத் தயாரிப்பாளர் நேரடியாகத் தரும் வாரண்டி கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் டிஸ்க்கின் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் கொடுத்து வாரண்டி எந்தத் தேதி வரை என்று பாருங்கள். வேறு நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்கென்று போன டிஸ்க்கைத் தனியாக விற்றிருந்தால் வாரண்டி இல்லை என்று அங்கே வரும். உடனே தெரிந்தால் கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம். ஒரு வருடம் கழித்துத் தெரிந்தால் என்ன செய்ய முடியும்?

முதல் மாதத்தில் சோதியுங்கள்

எலெக்ட்ரானிக் பொருள்கள் எப்போது பழுதாகின்றன என்று வரைபடம் போட்டால் அது குளியல் தொட்டியின் பக்கவாட்டுத் தோற்றம் போல இருக்கும். ஆரம்பத்தில் உயரம், நடுவில் பல வருடம் தாழ்வு, கடைசியில் மறுபடி உயரம். கடைசி உயரம் தேய்மானத்தால் வருவது. ஆரம்பத்து உயரத்திற்குக் காரணம் சரியாகப் பற்றாத சாலிடர், கோளாறான ரேம் சிப் போன்ற தயாரிப்புக் குறைகள். சிறிது நாள் சூடேறிக் குளிர்ந்தாலே அவை வெளியே வந்துவிடும். அதனால்தான் புதிய கம்ப்யூட்டரை ‘பத்திரமாக’ மூடி வைத்து, பிள்ளையின் பரீட்சை முடிந்ததும் திறக்கலாம் என்று இருப்பது தவறு. முதல் மாதத்தில் நன்றாக வேலை வாங்குங்கள்.

கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைக் காட்டும். அதில் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ என்ற எண்ணைப் பாருங்கள். புதிய டிஸ்க்கில் அது மிகச் சிறிய எண்ணாக இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் அது புதிய டிஸ்க் அல்ல. இந்த எண்ணையும் அழிக்க முடியும். 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், பல ஆயிரம் மணி நேரம் ஓடிய ஹார்ட் டிஸ்க்குகள் ஸ்மார்ட் கணக்கு அழிக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டது வெளியானது. எனவே இதைப் பார்த்தாலும் சீரியல் எண் சோதனையை விட்டுவிடாதீர்கள். ரேமைச் சோதிக்க விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. இரவு படுக்கும் முன் ஓட விட்டால் போதும்.

மானிட்டரில் ஒரே ஒரு புள்ளி எப்போதும் பச்சையாக எரிகிறது என்று புகார் செய்பவர்கள் நிறைய. இதில் பெரும்பாலும் ஏமாற்றம்தான் கிடைக்கும். 2001இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13406-2 தரநிலையின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் புள்ளிகளுக்கு எப்போதும் எரியும் புள்ளி இரண்டு, எப்போதும் கறுப்பாக இருக்கும் புள்ளி இரண்டு வரை அனுமதித்தது. 1920க்கு 1080 திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 2008இல் அந்தத் தரநிலைக்குப் பதில் வேறு வந்துவிட்டது. ஓரிரு புள்ளிகள் போனால் குறையாகாது என்ற கொள்கை மட்டும் மாறவில்லை. மானிட்டரைக் கடையிலேயே முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படம் போட்டுப் பார்த்து வாங்குவதே வழி.

சர்வீஸ் சென்டரில்

‘இங்கே நன்றாகத்தானே ஓடுகிறது’ என்பதுதான் அங்கே அதிகம் கேட்கும் வசனம். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று நாளுக்கு ஒரு முறை தொங்கும் கம்ப்யூட்டர், பத்து நிமிடச் சோதனையில் தொங்காது. நீங்கள்தான் சாட்சி கொண்டு போக வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டினால் ரிலையபிலிட்டி ஹிஸ்டரி திறக்கும். எந்தத் தேதியில் எந்த மென்பொருள் நின்றது, எப்போது விண்டோஸ் எதிர்பாராமல் அணைந்தது என்று நாள்வாரியாக, சிவப்புக் குறியோடு காட்டும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு வரும்போது செல்போனில் வீடியோ எடுத்து, வெட்டாமல் அப்படியே கேமராவைத் திருப்பி அடிப்பக்க சீரியல் எண்ணையும் காட்டுங்கள். சித்தப்பாவின் மூன்றாவது அலைச்சலில் மதர்போர்டை மாற்ற வைத்தது இருபது விநாடி வீடியோதான்.

ஜாப் ஷீட் இல்லாமல் பொருளைக் கொடுக்காதீர்கள். அதில் கோளாறு உங்கள் வார்த்தையில் இருக்கட்டும். ‘டிஸ்ப்ளே பிராப்ளம்’ என்று அவர்கள் எழுதினால், ‘பவர் வருகிறது, திரை வரவில்லை, இந்தத் தேதி முதல்’ என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கீறல் இருக்கிறதா இல்லையா என்பதையும் குறிக்கச் சொல்லிவிட்டு, கவுண்டரிலேயே நான்கு பக்கமும் படம் எடுங்கள். ‘ஃபிசிக்கல் டேமேஜ்’ என்ற ஒரு வார்த்தை உங்கள் வாரண்டியை முடித்துவிடும். டெஸ்க்டாப் மதர்போர்டில் பிராசஸர் சாக்கெட்டின் ஒரு பின் வளைந்திருந்தாலே போதும், அந்த வார்த்தை வந்துவிடும். எனவே சாக்கெட்டையும் படம் எடுத்து வையுங்கள்.

ஆன் ஆகும் நிலையில் இருந்தால், கொடுக்கும் முன் ஃபைல்களை எக்ஸ்டெர்னல் டிஸ்க்கிற்குக் காப்பி செய்யுங்கள். கோளாறு டிஸ்க்கில் இல்லை என்றால், டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள். உங்கள் பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது வேண்டாம். கட்டாயம் கேட்டால் தனியாக ஒரு யூசரை உருவாக்கிக் கொடுங்கள்.

தவறு மொத்தத் தயாரிப்பிலும் இருந்தால்

சில சமயம் பழுது உங்கள் ஒரு பெட்டியில் மட்டும் இருக்காது. 2011 ஜனவரி 31 அன்று, தன் 6 சீரிஸ் சிப்செட்டில் சில சாட்டா போர்ட்டுகள் நாளடைவில் பலவீனமாகும் என்று இன்டெல் அறிவித்தது. மாற்றித் தரும் செலவு மட்டும் 70 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. 2024இல் அதே நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள், தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுப் படிப்படியாகப் பழுதாவது தெரிய வந்தது. கேம் நின்று போவதற்கு கிராபிக்ஸ் கார்டுதான் காரணம் என்று அதை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. பயாஸ் அப்டேட் மூலம் திருத்தம் தந்து, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே கெட்டுப்போன பிராசஸரைச் சரியாக்காது. இந்த வகை பிராசஸர் வைத்திருந்தால் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். பொதுவாகவே, ‘வாரண்டி முடிந்துவிட்டது’ என்று கேட்டதும் திரும்பி வந்துவிடாமல், உங்கள் மாடலுக்கு ஏதேனும் நீட்டிப்பு உள்ளதா என்று நிறுவனத்தின் தளத்தில் ஒரு முறை தேடுங்கள்.

பேசிப் பயனில்லை என்றால்

இரண்டு முறை போனில் பேசிய பிறகு மூன்றாவதை மெயிலில் எழுதுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. வாங்கிய தேதி, சீரியல் எண், ஜாப் ஷீட் எண்கள், என்ன வேண்டும் (மாற்றமா, பணமா), எத்தனை நாளுக்குள் என்ற விவரங்களோடு சுருக்கமாக எழுதுங்கள். கோபமும் பழைய கதையும் வேண்டாம். அதற்கும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அவர்கள் புகாரை நிறுவனத்திற்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. பில் தராமல் இருப்பதே அதன்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்திற்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. முதல் மாதத்தில் சோதியுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்திற்குள் போட வேண்டும். பொருளைப் பரிசோதிக்க வேண்டியிராத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட அதிகமாகவே ஆகும். 4,000 ரூபாய் எஸ்.எம்.பி.எஸ்.க்கு இது தேவையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 60,000 ரூபாய் லேப்டாப் என்றால் நான் போடுவேன்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். லேப்டாப்பிற்கு என்றால் வாங்கலாம். மதர்போர்ட் ஒன்றின் விலையே லேப்டாப் விலையில் பெரும் பங்கு வந்துவிடும். கடையோ வேறு கம்பெனியோ விற்கும் திட்டத்தை விடத் தயாரிப்பாளரே விற்பதை வாங்குங்கள். முதல் வாரண்டி முடிவதற்குள் வாங்க வேண்டும். வாங்கியதும் அதே சீரியல் எண்ணைத் தளத்தில் மறுபடி கொடுத்து, தேதி உண்மையிலேயே நீண்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.