பெல்ட் இல்லாத டர்ன்டேபிளில் எது கெடும்?

பழைய ரெக்கார்ட் பிளேயர் வாங்கப் போறேன்னு யாராவது சொன்னால், "மோட்டாரை நல்லா பாத்து வாங்குங்க" என்றுதான் முதல் அறிவுரை வரும். டைரக்ட் டிரைவ் வகைக்கு இந்தக் கவலை பெரும்பாலும் தேவையில்லை. கவனிக்க வேண்டிய இடம் வேற. இந்த வகையில் பிரபலமான டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2-வையே எடுத்துக்கொள்வோம்.

பெல்ட் டிரைவில் மோட்டார் வேகமாகச் சுற்றும். ஒரு சின்ன புல்லியும் ரப்பர் பெல்ட்டும் அந்த வேகத்தைக் குறைத்துத் தட்டுக்குக் கொடுக்கும். நாளாக ஆக ரப்பர் தளரும், பாட்டு இழுக்கும். டைரக்ட் டிரைவில் இந்த இடைத்தரகரே கிடையாது. மோட்டாரே நிமிடத்துக்கு 33⅓ சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி என்று சுற்ற வேண்டும். இவ்வளவு மெதுவாக, உதறாமல் ஒரு மோட்டாரை ஓட்டுவதுதான் சவால். ஜப்பானில் மட்சுஷிதா நிறுவனத்தின் ஷூயிச்சி ஒபாட்டா இதற்கு வழி கண்டார். 1970-இல் எஸ்பி-10 வந்தது. 1972-இல் எஸ்எல்-1200, 1979-இல் எம்கே2. 2010-இல் இந்த வரிசையை நிறுத்தி, 2016-இல் மறுபடி கொண்டுவந்தார்கள்.

எம்கே2-வின் தட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வட்டமாக ஒரு காந்தம் இருக்கும். தட்டேதான் மோட்டாரின் சுழலும் பாகம்! கீழே அசையாமல் கம்பிச்சுருள்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை, தேய்வதற்கு பிரஷ்ஷும் இல்லை. உரசுவது நடு அச்சும் அதன் பேரிங்கும் மட்டும். வேகத்தைக் காவல் காப்பது குவார்ட்ஸ் படிகம், கைக்கடிகாரத்துல இருக்குமே அதே சமாச்சாரம். அதனால் மோட்டாருக்காகக் கையேடு கேட்பது 2000 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அச்சில் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய். தினம் 2 மணி நேரம் கேட்டாலும் மூன்று வருஷத்துக்கு ஒருதடவைதான் வரும். மெல்லிய மெஷின் எண்ணெய் போடுங்க, கிரீஸ் வேண்டாம். கழற்றிய தட்டை இரும்புத்தூள் கிடக்கும் மேஜையில் வைக்காதீங்க, காந்தம் எல்லாத்தையும் இழுத்துக்கும்.

கெடுவதெல்லாம் சின்னச் சின்ன தொடுபுள்ளிகள். ஒரு பக்க ஸ்பீக்கரில் சத்தம் வரலையா? ஹெட்ஷெல்லைக் கழற்றி, அதில் இருக்கும் நாலு பின்னையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்க. அப்படியும் வரவில்லை என்றால் பின்னால் போகும் ஆடியோ வயரைச் சந்தேகப்படலாம். "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் எர்த் வயர். வேகம் தாவினால், பிட்ச் ஸ்லைடரில் தூசி. ஸ்ட்ரோப் வெளிச்சத்தில் தட்டின் ஓரத்துப் பெரிய புள்ளிகள் அசையாமல் நின்றால் வேகம் சரி, நகர்ந்தால் கோளாறு. இதெல்லாம் செலவு குறைவான வேலைகள். ஊசியும் தேயும். ஆனால் அதை மாற்றலாம். தேய்ந்த ஊசி அரித்த இசைத்தட்டைத்தான் மீட்க முடியாது.

நான் வாங்கப் போனால் முதலில் தொட்டுப் பார்ப்பது டோன் ஆர்மைத்தான். எடையைச் சரிசெய்து அது காற்றில் மிதக்கும்போது, விரல் நுனியால் லேசாக அசைத்துப் பார்க்கணும். பேரிங்கில் ஆட்டம் தெரிந்தாலோ, நடுவில் எங்காவது தயங்கி நின்றாலோ, என்ன விலை சொன்னாலும் எனக்கு வேண்டாம். அதைச் சரிசெய்வது ரிப்பேர் கடைகளுக்கே தலைவலி. இந்தச் சேதம் அதிகம் நடப்பது பயணத்தில். அனுப்புபவரிடம் தட்டையும் ஆர்மின் பின்பக்க எடையையும் கழற்றித் தனியாகச் சுற்றச் சொல்லுங்க, ஆர்மைக் கட்டச் சொல்லுங்க. விலை பேசுவதைவிட இது முக்கியம்.

ஜப்பானிலிருந்து வரவழைப்பவர்களுக்கு இன்னொன்று. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. பிளக் மாற்றும் அடாப்டர் வோல்டேஜைக் குறைக்காது. நண்பர் ஒருவர் அதை மாட்டி சுவிட்சைப் போட்டார். நாற்பது வருஷம் ஓடிய டிரான்ஸ்ஃபார்மர் அன்றைக்கே புகைந்தது. லேபிளில் 100 வோல்ட் என்று போட்டிருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கையில் வரும்வரை பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருப்பதே உத்தமம்.