காலில் வளராதது கண்ணில் வளர்வது ஏன்? சர்க்கரை நோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்!

செருப்புக் கடித்ததில் வந்த சின்னக் கொப்புளம்தான். மூன்று வாரமாகியும் ஆறவில்லை. "புதுச் சதையே வளரலையே" என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள். அதே மனிதர் கண் டாக்டரிடம் போகிறார். "விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைச்சிருக்கு. உடனே சிகிச்சை எடுக்கணும்" என்கிறார் அவர்.

வளர வேண்டிய காலில் வளரவில்லை. வளரக் கூடாத கண்ணில் வளர்கிறது. ஒரே உடம்பில் ஏன் இந்த முரண்பாடு? இதற்கான விடையில் ஒரு பெரும்பங்கு, 'ஹெப்பாரினோடு ஒட்டும் வளர்ச்சிக் காரணிகள்' என்ற புரதக் குடும்பத்திடம் இருக்கிறது.

ஒட்டிக்கொள்ளும் புரதங்கள்

ஹெப்பாரின் என்ற பெயரைப் பலர் கேட்டிருப்பீர்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கும், டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்கத் தரப்படும் மருந்து. இதன் நெருங்கிய உறவுக்காரப் பொருள் ஒன்று நம் செல்களின் மேற்பரப்பிலும், செல்களுக்கு இடையிலும் இயற்கையாகவே இருக்கிறது. அதன் பெயர் ஹெப்பரான் சல்ஃபேட்.

'வளர்', 'பெருகு', 'இந்தப் பக்கம் வா' என்று செல்களுக்குக் கட்டளையிடும் புரதங்கள்தான் வளர்ச்சிக் காரணிகள். அவற்றில் பல, ஹெப்பரான் சல்ஃபேட்டில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். காயம் பட்டால் அங்கிருந்து விடுபட்டு வேலையில் இறங்கும். பரணில் எடுத்துவைத்த பாத்திரத்தை விசேஷத்துக்கு இறக்குவதுபோலத்தான்!

புற்றுநோயில் தொடங்கிய தேடல்

இந்தக் கதை தொடங்கியது கண்ணிலோ காலிலோ அல்ல, புற்றுநோயில். அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன், 1960-களில் கண்ணாடிக் கலத்தில் உயிரோடு வைத்திருந்த தைராய்டு சுரப்பியில் புற்றுக்கட்டிகளை வளர்த்துப் பார்த்தார். அவை மிகச் சிறிய அளவிலேயே நின்றுவிட்டன. அவற்றையே எலியின் உடலில் வைத்ததும் பெரிதாக வளர்ந்தன. என்ன வித்தியாசம்? எலியின் உடலில் கட்டிக்குள் புது ரத்தக்குழாய்கள் நுழைந்தன.

கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து ரத்தக்குழாய்களை அழைக்கிறது, அதைத் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்று 1971-ம் ஆண்டு எழுதினார். பலர் நம்பவில்லை. "அந்தப் பொருள் எங்கே? காட்டுங்கள்" என்றார்கள். ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவே அந்த ஒன்றைப் பிரித்தெடுக்க முடியாமல் பல ஆண்டுகள் ஓடின.

கடைசியில் கைகொடுத்தது ஹெப்பாரின்! ஃபோக்மனும் மைக்கேல் கிளாக்ஸ்பரன் உள்ளிட்ட குழுவினரும், ஹெப்பாரின் பூசிய சிறு மணிகள் நிரம்பிய குழாயில் கட்டியின் சாற்றை ஊற்றினார்கள். உப்புக்கரைசலால் கழுவியபோது மற்ற புரதங்கள் கழன்று ஓடின. தேடிய புரதம் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. அடர்த்தியான உப்புக்கரைசல் ஊற்றிய பிறகே கழன்றது. 1984-ம் ஆண்டு இந்த ஆய்வு வெளியானது.

இதே வழியைப் பயன்படுத்தி, 1989-ம் ஆண்டு கலிஃபோர்னியாவில் நெப்போலியோனி ஃபெரரா இன்னொரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். அது ரத்தக்குழாய்களின் உட்சுவர் செல்களைக் குறிவைத்து வளரச் செய்வது. பெயர், வி.இ.ஜி.எஃப்.

கண்ணில் என்ன நடக்கிறது?

சர்க்கரை பல வருடங்கள் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுதாகி அடைபடும். ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை, உதவி கேட்டு வி.இ.ஜி.எஃப்-ஐச் சுரக்கும். நோக்கம் நல்லதுதான். ஆனால், அவசரத்தில் முளைக்கும் குழாய்கள் பலவீனமானவை. உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். பழைய குழாய்களும் கசிந்து, பார்வையின் மையப்பகுதி வீங்கும். தீவிர பாதிப்பு உள்ளவர்களின் கண் திரவத்தில் இந்தப் புரதம் அதிகமாக இருப்பதை 1994-ம் ஆண்டு பாஸ்டன் ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தினார்கள்.

அதனால்தான் இந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கும் மருந்துகள் வந்தன. 2004-ம் ஆண்டு பெருங்குடல் புற்றுநோய்க்கு பெவாசிசுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2006-ம் ஆண்டு முதியோரின் விழித்திரைச் சிதைவுக்கு ரானிபிசுமாப் வந்தது. பிறகு இவ்வகை மருந்துகள் சர்க்கரை நோயாளிகளின் கண்ணுக்கும் வந்தன. புற்றுநோய்க்கான பெவாசிசுமாபையே சிறு அளவுகளாகப் பிரித்துக் கண்ணில் போடும் முறையும் பரவியது. செலவு மிகக் குறைவு என்பதுதான் காரணம். ஆனால், அப்படிப் பிரிக்கும்போது கிருமி புகாத சுத்தம் மிக முக்கியம். எந்த மருந்து யாருக்குச் சரி என்பதைக் கண்ணின் நிலையைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

காலுக்கு நேர்மாறான வைத்தியம்

ஆறாத புண்ணில் கதை தலைகீழ். ரத்த ஓட்டக் குறைவு, உணர்விழந்த நரம்பு, கிருமித்தொற்று ஆகியவற்றோடு, அங்கு சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளைப் புண்ணில் உள்ள நொதிகளே சிதைத்துவிடுகின்றன. எனவே, அங்கே வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பெக்காப்ளெர்மின் என்ற ஜெல் 1997-ம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹெப்பாரினோடு ஒட்டக்கூடிய வளர்ச்சிக் காரணிகளில் ஒன்றுதான் அதில் இருக்கும் மருந்து.

வளர்ச்சியைத் தூண்டும் மருந்து என்பதால் புற்றுநோய் பற்றிய பயமும் கூடவே வந்தது. 2008-ம் ஆண்டு அதற்குக் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டு, பின்னாளில் நீக்கப்பட்டது. இன்றும் இது எல்லாப் புண்ணுக்குமான மருந்து அல்ல. புண்ணைச் சுத்தம் செய்வது, காலில் எடை விழாமல் பார்ப்பது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது ஆகியவைதான் அடிப்படை வைத்தியம்.

ஆக, இந்தப் புரதம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே இடமில்லை. எந்த இடத்தில், எவ்வளவு என்பதுதான் விஷயம். அதனால், 'வளர்ச்சியைத் தூண்டும்' என்று விளம்பரம் செய்யப்படும் எதையும் டாக்டரைக் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள். ஹெப்பாரின் ஊசியும் இந்த நோய்களுக்கான மருந்து அல்ல!

நாம் செய்ய வேண்டியது

* டைப் 2 சர்க்கரை நோய் என்று தெரிந்த உடனேயே கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிறகு வருடம் ஒருமுறை. பாப்பாவை விரித்து, விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனை அவசியம். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்குப் போதாது.

* 'பார்வை நல்லாத்தானே இருக்கு' என்று தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பத்தில் அறிகுறியே இருக்காது.

* கண் முன்னால் திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் இருந்தாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள்.

* கண் ஊசி என்றதும் பயம் வருவது இயல்பு. மரத்துப்போகச் சொட்டுமருந்து விட்டு, மெல்லிய ஊசியால்தான் போடுவார்கள். மருந்தின் வேலை சில வாரங்களில் குறைந்துவிடும் என்பதால் பலமுறை போட வேண்டியிருக்கும். பார்வை தெளிந்ததும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

* அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம் வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஊசி போட்ட பிறகு வலி, சிவப்பு, பார்வை மங்கல் அதிகரித்தால் காத்திருக்க வேண்டாம்.

* தினமும் இரவு படுக்கும் முன் பாதங்களைப் பாருங்கள். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். அந்த ஒரு நிமிடம், ஒரு காலையே காப்பாற்றக்கூடும்.