கல்லீரலைக் காக்குமா விதை மருந்து?

சென்ற பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், கல்லீரலுக்கு ஒரு விதை மருந்து சொல்வீர்களாமே, அதன் பெயர் என்ன?" நான் அதைப் பரிந்துரைத்த கதை மட்டும் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அதன் முடிவு யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆகவே முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

2022-ம் ஆண்டு ஆவணி மாதம். என்னோடு டீசல் ஷெட்டில் வேலை பார்த்த நண்பரின் மகனுக்குக் காசநோய் என்று தெரிய வந்தது. பெயர் வேண்டாம். கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். அரசு மருத்துவமனையில் இலவசமாக மாத்திரை தொடங்கினார்கள். "இந்த மாத்திரை ஈரலைத் தின்றுவிடும்" என்று யாரோ சொல்லிவிட, தாயார் கலங்கிப் போனார். மதுரையிலிருந்து அவருடைய அக்காள் கருஞ்சீரகப் பொடி பார்சல் அனுப்பிவிட்டார். ஆறுதல் சொல்லப் போன நானும் சும்மா இருக்கவில்லை. எங்கோ படித்த ஞாபகத்தில், சிலிமாரின் என்ற விதை மருந்தைக் கடையில் வாங்கிக் கொடுத்து, "கவலைப்படாதேம்மா, இது ஈரலைக் காப்பாற்றிவிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் வாரம் பையனுக்குச் சோறு பிடிக்கவில்லை, வாந்தி. என்னைத்தான் கூப்பிட்டார்கள். "மருந்துச் சூடாக இருக்கும், அதுதான் விதை மருந்து போகிறதே" என்றேன். அப்படி ஆறு நாள் போயிற்று. ஏழாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. ரத்தப் பரிசோதனையில், நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எஸ்.ஜி.பி.டி. எழுநூறைத் தாண்டியிருந்தது.

இந்த எஸ்.ஜி.பி.டி. என்ன என்பதை என் தொழிலை வைத்துச் சொன்னால் எனக்கே எளிதாகப் புரிகிறது. டீசல் எஞ்சினின் லூப் ஆயிலை எடுத்து ஷெட் லேபில் சோதிப்போம். எண்ணெயில் செம்பு கூடினால் பேரிங் தேய்கிறது, இரும்பு கூடினால் லைனர் தேய்கிறது என்று எஞ்சினைத் திறக்காமலே தெரிந்துவிடும். கல்லீரல் உயிரணுக்களுக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதி ரத்தத்தில் கூடினால், அந்த அணுக்கள் உடைகின்றன என்று பொருள். வாந்தியும் சேர்ந்து இருந்தால், இயல்பு அளவின் மூன்று மடங்கிலேயே காசநோய் மாத்திரையை மருத்துவர் நிறுத்திவிடுவார். தொந்தரவே தெரியாவிட்டாலும் ஐந்து மடங்கில் நிறுத்த வேண்டும். பையனுக்குப் பதினேழு மடங்கு.

முதல் இரண்டு மாதம் கொடுக்கப்படும் நான்கு மருந்துகளில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் கல்லீரலைத் தாக்கக் கூடியவை. எத்தாம்புட்டாலால் அந்தப் பயம் இல்லை. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, பெரும்பாலோர் தொல்லையின்றி முடித்துவிடுகிறார்கள். ஐசோனியாசிடை உடல் மாற்றிக் கழிக்கும் வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. மெதுவாகக் கழிப்பவர்களுக்கு ஆபத்து சற்று அதிகம். நம் நாட்டில் பாதிப் பேருக்குக் குறையாமல் அந்த வகைதான். இந்த வேறுபாட்டை 1960-களிலேயே ஆராய்ந்தவர்களில் நம் சென்னைக்காரர்களும் உண்டு. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் அது. சானடோரியத்தில் படுத்துத்தான் குணமாக வேண்டும் என்பதில்லை, வீட்டில் இருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் அதே பலன் கிடைக்கும் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியதும் அந்த மையம்தான்.

இனி அந்த விதைக்கு வருவோம். மில்க் திசில் என்பது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த முட்செடி. இலையில் பால் தெளித்தாற்போல வெள்ளைக் கோடுகள் ஓடும். மத்தியதரைக் கடல் நாடுகளில் பிறந்தது. கல்லீரல் கோளாறுக்கு அதன் விதையை ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாகக் கொடுத்து வந்தார்கள். 1968-ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் வாக்னர் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் விதையிலிருந்து சிலிமாரினைப் பிரித்தெடுத்தார்கள். அது ஒற்றைப் பொருள் அன்று, சிலிபின் முதலான சிலவற்றின் கலவை.

இந்த விதைக்கு உண்மையான கீர்த்தி கிடைத்தது காளானால். ஐரோப்பியக் காடுகளில் அமானிட்டா என்ற கொடிய காளான் உண்டு. தெரியாமல் சமைத்துச் சாப்பிட்டால் அதன் நஞ்சு கல்லீரல் அணுவுக்குள் புகுந்து கொன்றுவிடும். சிலிபின் அந்த நுழைவாயிலை அடைக்கிறது. அதற்காக அங்கே அதை ஊசியாகவே ஏற்றுகிறார்கள். காளான் நஞ்சுக்கு அடைத்த கதவு மாத்திரை நஞ்சுக்கும் அடைபடும் என்று நான் எண்ணிக்கொண்டதுதான் தவறு. வழி வேறு, வாயில் வேறு.

பாரசிட்டமாலைப் பாருங்கள். அதில் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப் பொருளாக மாறுகிறது. குளூட்டாதயோன் என்ற பொருள் உடனே அதைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. மிக அதிகமாக விழுங்கினால் குளூட்டாதயோன் கையிருப்பு தீர்ந்து, அணுக்கள் வெந்துவிடுகின்றன. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு உச்ச அளவு நாலு கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. சளி மாத்திரையிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அளவு மீறினால் மாற்று மருந்து அசிட்டைல் சிஸ்டீன். எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நல்லது. அந்த நேரத்தில் விதையை அரைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

நம் நாட்டு விதைகளும் ஆராயப்பட்டிருக்கின்றன. நம் சித்த வைத்தியர்கள் அறிந்த நீர்முள்ளி விதையையும் செலரி விதையையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பாரசிட்டமாலால் வந்த கேடு குறைந்ததாக 1995-ல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. கருஞ்சீரகத்துக்கும் இப்படி எலி ஆய்வுகள் உண்டு. பொய் இல்லை. ஆனால் நீர்முள்ளி ஆய்வில் எலிக்குக் கொடுத்த பாரசிட்டமால் எவ்வளவு தெரியுமா? உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மூன்று கிராம், அதுவும் ஒரே வேளையில். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் விதைச் சாற்றை முதலில் கொடுத்துவிட்டு நஞ்சைப் பிறகு கொடுப்பார்கள். மாதக்கணக்கில் தினமும் மாத்திரை விழுங்கும் நோயாளியின் நிலை அதுவன்று.

மனிதர்களிடம் காசநோய் மாத்திரையோடு சிலிமாரினைச் சோதித்தார்களா? சோதித்தார்கள். 2015-ல் தாய்லாந்தில் 55 பேரிடம். சிலிமாரின் சாப்பிட்ட 27 பேரில் ஒருவருக்கும், வெறும் மாத்திரை சாப்பிட்ட 28 பேரில் ஒன்பது பேருக்கும் நாலு வாரத்தில் கல்லீரல் பாதித்தது. இதைப் படித்துத்தான் நான் துள்ளினேன். அதே ஆண்டு சீனாவில் ஐந்நூறு பேருக்கு மேல் நடந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2017-ல் கொரியாவில் நடந்த ஆய்விலும் இல்லை. ஐம்பது பேரிடம் கண்டது ஐந்நூறு பேரிடம் காணவில்லை என்றால் எதை நம்புவது? ஒரு வாகனில் பிரேக் பிடித்ததைப் பார்த்து முழு ரேக்குக்கும் சான்றிதழ் எழுதுவேனா? எழுத மாட்டேன். ஆனால் நண்பர் வீட்டில் எழுதினேன்.

இன்னொரு கணக்கு. தாய்லாந்தில் கொடுத்தது நாளைக்கு 420 மில்லிகிராம் சிலிமாரின். நூறு கிராம் விதையில் இருப்பது இரண்டு மூன்று கிராம்தான். இரண்டு என்று வைத்துக்கொண்டால் தினம் இருபத்தொரு கிராம் விதை வேண்டும். அதுவும் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒரு ஸ்பூன் விதையைக் கொதிக்க வைத்துக் குடிப்பவர் வெந்நீர்தான் குடிக்கிறார்.

செடி என்பதாலேயே தீங்கில்லை என்பதும் சரியன்று. மும்பையில் 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, சீந்தில் சாப்பிட்டு வந்த ஆறு பேர் கல்லீரல் பாதிப்போடு வந்ததை மருத்துவர்கள் 2021-ல் வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. வாதம் எப்படியோ போகட்டும், என்ன சாப்பிடுகிறோம் என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

நண்பர் வீட்டில் இதுதான் நடக்கவில்லை. "கோயி தேசி தவா தோ நஹீ லீ?" என்று டாக்டர் கேட்டார். தாயார் "நஹீ" என்றார். பொய் சொல்லவில்லை. கருஞ்சீரகம் அவருக்கு மருந்தே அல்ல, அஞ்சறைப் பெட்டிச் சாமான். நான் கொடுத்ததோ "சத்து மாத்திரை". வெளியூரில் வாழும் நம் குடும்பங்களில் இந்த "நஹீ" நிறைய உண்டு என்று நினைக்கிறேன்.

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அது மருந்தின் சாயம், பயமில்லை. அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தியவர்களும் உண்டு, உண்மையான மஞ்சள்காமாலையை "மாத்திரைச் சாயம்" என்று விட்டவர்களும் உண்டு. கண் வெள்ளை மஞ்சளாவது, பசியே இல்லாமல் போவது, விடாத வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி, நாள் முழுதும் கஷாயம் போல் கறுத்த சிறுநீர் இவற்றில் எது வந்தாலும் அன்றே மாத்திரை கொடுத்த இடத்துக்குப் போக வேண்டும். நாமாகவே நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பதும் ஆபத்து, கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடக் கூடும்.

பையனுக்கு எல்லா மாத்திரைகளையும் நிறுத்தி, கல்லீரலைத் தாக்காத வேறு மருந்துகளைக் கொடுத்தார்கள். நாலாவது வாரம் எஸ்.ஜி.பி.டி. எண்பதுக்குக் கீழே இறங்கியது. பிறகு ரிஃபாம்பிசின், சில நாள் கழித்து ஐசோனியாசிட் என்று ஒவ்வொன்றாக, ரத்தம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்கள். பைரசினமைடைச் சேர்க்கவே இல்லை. அதனால் சிகிச்சை ஆறு மாதத்தில் முடியாமல் ஒன்பது மாதம் நீண்டது. ஒரு பருவத் தேர்வு போயிற்று. நான் கொடுத்த டப்பாவையும் கருஞ்சீரகப் பொடியையும் இரண்டாம் முறை போனபோது தாயார் பையில் எடுத்துப் போய் டாக்டர் மேஜைமேல் வைத்தார். அவர் இரண்டையும் திருப்பிப் பார்த்துவிட்டு, சீட்டில் குறித்துக்கொண்டு, "இவை ரெண்டும் இப்போது வேண்டாம்" என்றாராம். திட்டவில்லை. என்னைத்தான் யார் கொடுத்தது என்று கேட்டாராம், "அண்ணா ஒருத்தர்" என்று சொல்லித் தாயார் முடித்துக்கொண்டார்.